சம்பளம் இல்லாத பெரட்டு

எனக்கு யாரையும் லேசில் நம்ப வராது. இதை நான் ஒரு பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தவள். மீன்காரர் நிறுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன், தராசுக்குப் பக்கத்தில் இருக்கும் விரலைத்தான் பார்ப்பேன். தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு வரும்போதுகூட அது யார் கையில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறேன். மனிதர்கள் முகத்தை வைத்துப் பொய் சொல்லப் பழகியிருக்கிறார்கள், கையை வைத்துச் சொல்ல இன்னும் பழகவில்லை என்பது என் எண்ணம். இந்த எண்ணத்தால் எனக்குப் பல தடவை லாபம். ஒரே ஒரு தடவை நஷ்டம் வந்தது, அது எனக்கு வரவில்லை.

கோலா கெத்தில் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் கிராணியாக, அதாவது ஆபிஸ் குமாஸ்தாவாக, இருந்தேன். ரப்பர் பால்மரத்தை அறுத்துப் பலகையாக்கி, உலர்த்தி, மேசை நாற்காலியாகச் செய்து கப்பலேற்றுகிற இடம். ஆட்களில் முக்கால்வாசிப் பேர் சுற்றிலும் இருந்த தோட்டங்களில் பிறந்தவர்கள். தோட்டங்கள் செம்பனைக்கு மாறியபோது, அப்பா அம்மா பால் வெட்டிய அதே மரம் லாரியில் எங்கள் வாசலுக்கு வந்தது, அதை வைத்து நாங்கள் சோறு சாப்பிட்டோம். ஆபிஸில் குளிர்சாதனம் இருந்தாலும் என் மேசைமேல் எப்போதும் மரத்தூள் படிந்திருக்கும்.

கொரோனா எல்லாம் ஓய்ந்து ஊர் பழையபடி ஆன பிறகுதான் எங்கள் கம்பெனி படுத்தது. ஒரு மாதம் பாதிச் சம்பளம் வந்தது. அடுத்த மாதம் ஒன்றும் வரவில்லை. தவுக்கே, அதாவது முதலாளி, வெளிநாடு போயிருக்கிறார் என்றார்கள். மேனேஜர் எங்களையெல்லாம் கேன்டீனில் கூட்டினார். அவர் நம் ஆள்தான், நான் போகும் தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் வேதாகமம் வாசிக்கிறவர். அன்றைக்குத் தட்டு நிறையக் கறிபாப் பலகாரம் வாங்கி வைத்திருந்தார். கறிபாப்பைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் நல்லதில்லை என்று புரிந்துவிட்டது.

"கம்பெனி நொடிஞ்சு கெடக்கு. ஒளிக்க ஒண்ணுமில்ல," என்றார். "வாங்குறதுக்கு ஆள் பாக்குறாங்க. ஓடுற கம்பெனின்னாதான் வாங்குவான், செத்த கம்பெனிய எவன் வாங்குவான்? வாங்கிட்டா எல்லாருக்கும் பழைய பாக்கி கெடைக்கும்னு நம்புவோம். நிக்கிறவங்க நிக்கலாம். போறவங்க போலாம். நான் யாரையும் புடிச்சு வைக்கல லா."

எல்லாரும் முதல் பாதியைப் பற்றிப் பேசிக்கொண்டே கலைந்தார்கள். நான் கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டேன். போகலாம் என்று எதற்குச் சொல்கிறான் இந்த மனுஷன்? நாமாகப் போனால் அது நாமாக வேலையை விட்ட கணக்கு. ஆட்குறைப்புக்குத் தரவேண்டிய நட்டஈடு தர வேண்டாம், பாக்கிச் சம்பளத்துக்கும் இழுத்தடிக்கலாம். கறிபாப் கொடுத்து வெளியே அனுப்பப் பார்க்கிறான் என்று என் மூக்கில் வேர்த்தது.

இந்த பயம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட வேண்டும். தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். அதற்குப் பெரட்டு என்று பெயர். பெரட்டுக்கு நிற்காதவன் வேலையை விட்டவன். நான் பிறந்தபோது அம்மாவுக்கு உடம்பு மோசமாகி அலோர் ஸ்டார் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அப்பா மூன்று நாள் அங்கேயே இருந்துவிட்டார். நாலாம் நாள் திரும்பி வந்தபோது அவர் பெயரை வெட்டியிருந்தார்கள். தோட்டத்தில் எங்களுக்குக் கொடுத்திருந்த லயத்து வீட்டில் வேறு குடும்பம் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தது. இந்தக் கதையை நான் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டு வளர்ந்தேன். என்னைப்போல அந்தக் கேன்டீனில் இருந்த எல்லார் வீட்டிலும் இப்படி ஒரு கதை இருந்தது.

அடுத்த வாரம் விரல்ரேகை வைக்கும் இயந்திரத்தைச் சுவரிலிருந்து கழற்றினார்கள். வாடகை கட்டாததால் அதன் கம்பெனிக்காரன் எடுத்துப்போகிறான் என்றார் மேனேஜர். நான் நம்பவில்லை. நாங்கள் வந்ததற்கான அத்தாட்சியைக் கண்ணெதிரே பிடுங்கிக்கொண்டு போகிறார்கள் என்றுதான் தோன்றியது. அன்று சாயங்காலமே கடையில் ஒரு நீளமான கோடு போட்ட நோட்டு வாங்கினேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆபிஸ் வாசலில் நின்று பெரட்டு எடுத்தேன்.

ஆட்கள் சந்தோஷமாகவே வரிசையில் நின்றார்கள். சிலர் சின்ன வயதில் அப்பாவோடு போய் நின்ற ஞாபகத்தில் சிரித்தார்கள். "கிராணியம்மா, கையில பெரம்பு ஒண்ணுதான் கொறச்சல்," என்று ஒருவர் கிண்டல் செய்தார். முப்பத்தாறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். தொடர்ந்து மூன்று நாள் வராதவர் பெயரில் சிவப்புக் கோடு போடுவேன் என்று அறிவித்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஒருத்தி மட்டும் கேட்டாள். நாற்காலிக்கு மெருகு பூசும் பகுதியில் வேலை செய்த பெண், இருபத்துமூன்று வயது. "காசே குடுக்காத எடத்துக்கு எதுக்குக்கா வரணும்? மோட்டர் சைக்கிளுக்கு பெட்ரோல் மிஞ்யாக் ஊத்த நான் எங்கம்மாகிட்ட கையேந்துறேன். கம்பெனிதானே நமக்கு கடன், நாம கம்பெனிக்கு கடனா?"

"நீ போனா ஒன் பேரு போயிரும்," என்றேன்.

"பேர வச்சு நான் என்னக்கா செய்யிறது," என்று சொல்லிவிட்டுப் போனவள் திரும்ப வரவில்லை. நாலாம் நாள் அடிமட்டம் வைத்துச் சிவப்புக் கோடு போட்டேன். பாவம், விவரம் இல்லாத பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். அவள் அதற்குள் அலோர் ஸ்டாரில் ஒரு கைத்தொலைபேசிக் கடையில் சம்பளத்துக்கு நின்றுகொண்டிருந்தாள்.

இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு நாள் சட்டையை உள்ளே விட்டு, கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவர் இரண்டு உதவியாளர்களோடு வந்தார். மேனேஜர் அவரை எங்களுக்கு அறிமுகம் செய்யவில்லை. "ஆள் வந்திருக்காங்க, பாத்துட்டுப் போவாங்க," என்று மட்டும் சொன்னார். வாங்க வந்த ஆள் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். உடனே ஒருவர் கூட்டினார், ஒருவர் கண்ணாடி துடைத்தார். ரம்பங்களை எல்லாம் ஓடவிட்டார்கள். பாய்லர் அண்ணன் புகைபோக்கியில் வெள்ளைப் புகை நிற்கிற அளவுக்கு நெருப்பைப் போட்டார். வந்தவர் ஒவ்வொரு இயந்திரத்திலும் எண் போட்ட ஸ்டிக்கர் ஒட்டி, படம் பிடித்துக்கொண்டார். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கேட்டார். எழுந்து கொடுத்தேன். அதன் முதுகிலும் ஒன்றை ஒட்டினார். என் பெயரை அவர் கேட்கவில்லை. எனக்கு அது உறுத்தியது, ஆனால் அன்றைக்கு என் சந்தேகம் முழுக்க மேனேஜர் மேல் இருந்ததால் இதற்கு இடமில்லாமல் போயிற்று.

பாய்லர் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், ஒரு முழங்கால் சரியாக மடங்காது. மரத்தூளையும் துண்டுக் கட்டைகளையும் எரித்து, உலர்த்தும் அறைகளுக்குச் சூடு அனுப்புவது அவர் வேலை. பால்மரப் பலகை ஈரத்தோடு நின்றால் ஒரே வாரத்தில் பூசணம் பிடித்துக் கறுத்துவிடும். நாங்கள் சும்மா நின்றாலும் நஷ்டமில்லை, அவர் நிற்காவிட்டால் அறை அறையாகப் பலகை வீணாகும். அதனால் அவர் ஞாயிற்றுக்கிழமையும் வந்தார்.

ஒரு மத்தியானம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மேனேஜர் தன் காருக்கு, நாங்கள் காடி என்போம், பக்கத்தில் நின்று பாய்லர் அண்ணன் கையில் ஒரு கவரைக் கொடுத்தார். அண்ணன் அதை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்து, மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டார். அப்புறம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். எனக்கு அந்தக் கை போதும். எங்கள் யாருக்கும் இல்லாத சம்பளம் இவருக்கு மட்டும் போகிறது, பலகையைக் காப்பாற்றக் கூலி வாங்கிக்கொண்டு எங்களோடு வரிசையில் நின்று நடிக்கிறார்.

நான் ஒரே ஒருவரிடம்தான் சொன்னேன். சாயங்காலத்துக்குள் கேன்டீன் முழுக்கத் தெரிந்திருந்தது. மறுநாள் காலைப் பசியாறலுக்கு அவர் வந்து உட்கார்ந்த மேசையிலிருந்து இரண்டு பேர் எழுந்து போனார்கள். அதற்கடுத்த நாளிலிருந்து அவர் தன் தேநீரை எடுத்துக்கொண்டு பாய்லர் பக்கமே போய்விட்டார். குற்றம் உள்ள நெஞ்சு ஒதுங்குகிறது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து அவர் என் ஜன்னலுக்கு வந்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார்.

"கிராணியம்மா, ஒண்ணு கேக்கணும். ஜித்ராவுல ஒரு நெல் மில்லு. பாய்லருக்கு ஆள் வேணுமாம். திங்கக்கெழம வரச் சொல்றாங்க. நான் போயிட்டா இங்க உள்ள பாக்கி, நட்டஈடு எல்லாம் போயிருமா? நீங்க நாலும் தெரிஞ்சவங்க. போலாமா, வேணாமா?"

நல்ல வேலை. நெல்லை உலர்த்தவும் நெருப்பு வேண்டும், அறுவடை இருக்கும்வரை ஆலை ஓடும், மாதம் பிறந்தால் சம்பளம். இதெல்லாம் எனக்கு அந்த நிமிடமே தெரிந்தது. ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று தோன்றிவிட்டது. மேனேஜர் அனுப்பி வந்திருக்கிறார். நான் போங்கள் என்று சொன்னால், கிராணிதான் ஆட்களைக் கலைக்கிறாள் என்று நாளைக்கு என்மேல் திருப்புவார்கள். வாயைப் பிடுங்க வந்திருக்கும் ஆளிடம் வாயைக் கொடுக்கக் கூடாது. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர் கையையே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"மூணு நாள் வரலன்னா கோடு போட்டுருவேன் அண்ணே. எல்லாருக்கும் ஒரே சட்டம்."

"சட்டமா?"

"சட்டம்தான்."

நான் எந்தச் சட்டத்தையும் படித்ததில்லை. கை துடைத்த துணியை அவர் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு சரி என்று சொல்லிவிட்டுப் போனார். திங்கட்கிழமை காலை நான் வாசலுக்கு வரும்போது அவர் எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தார், முதல் கையெழுத்து அவருடையது. பார்த்தாயா, வேலையும் இல்லை ஒன்றும் இல்லை, வேவு பார்க்கத்தான் வந்தார் என்று எனக்கு ஒரு திருப்தி. அந்தத் திருப்தியை இப்போது நினைத்தால் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

சில வாரம் கழித்து ஒரு நாள் காலையில் வாசற்கதவில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. உள்ளே நுழையக் கூடாது என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாள் ஒட்டியிருந்தது. உள்ளே அறிமுகமில்லாத காவலாளிகள். மேனேஜருக்குப் போன் போட்டோம், எடுக்கவில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, நான் அங்கேயும் பெரட்டு எடுத்தேன். சாலையோரத்தில், மோட்டர் சீட்டின்மேல் நோட்டை வைத்து முப்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

மறுவாரம் அலோர் ஸ்டாரில் இருக்கிற அரசாங்கத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் புகார் கொடுக்கப் போனோம். பாய்லர் அண்ணனிடம்தான் காடி இருந்தது, வேறு வழியில்லாமல் அதிலேயே போனேன். வெயில் நல்லாருக்கு என்றார், ஆமாம் என்றேன். நெல் வயல்களைத் தாண்டும்போது அவர் கண்ணை எடுக்காமல் சாலையையே பார்த்து ஓட்டினார். நோட்டை நான் பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். இது இருக்கும்வரை எவனும் எங்களை ஏமாற்ற முடியாது என்ற நினைப்பு.

அங்கிருந்த மலாய்க்கார அதிகாரி பொறுமையான பெண்மணி. நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு கணினியில் எதையோ தேடி, ஒரு தேதியைத் தாளில் எழுதி என் பக்கம் திருப்பினார். கம்பெனியைக் கலைக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவு போட்ட தேதி அது. அந்த உத்தரவோடு உங்கள் வேலையும் முடிந்துவிட்டது என்றார். ஸ்டிக்கர் ஒட்ட வந்தவர் வாங்க வந்த ஆள் இல்லை, சொத்தை விற்றுக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்க நீதிமன்றம் வைத்த ஆள். அதிகாரி அவரிடம் விசாரித்தாராம். நான் யாரையும் வேலைக்கு வைக்கவில்லை என்றாராம்.

அந்தத் தேதிக்குப் பிறகு நாங்கள் நின்ற பெரட்டு முப்பத்தெட்டு.

"இத்தனை நாள் வரச் சொன்னது யார்? மேனேஜரா?" என்று கேட்டார்.

நான் யோசித்தேன். அவர் போகலாம் என்றல்லவா சொன்னார். "யாரும் சொல்லல," என்றேன்.

"மூன்று நாள் வராவிட்டால் கோடு என்று யார் வைத்தது?"

"நான்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெதுவாக விளக்கினார். சம்பளம் தராத இடத்தை விட்டு எப்போது வேண்டுமானாலும் நீங்கள் போயிருக்கலாம், வேலை ஒப்பந்தத்தை முறித்தது அவர்கள்தான், போனதற்காக உங்கள் பழைய பாக்கியோ நட்டஈடோ போயிருக்காது. உத்தரவுக்கு முன்னால் உள்ளதை எழுதித் தாருங்கள், கடன்காரர்கள் வரிசையில் உங்கள் பெயரும் சேரும், எப்போது எவ்வளவு வரும் என்று என்னால் சொல்ல முடியாது என்றார். நான் சிவப்புக் கோடு போட்ட அந்தப் பெண்ணும் இதே வரிசையில் நிற்கலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றார். நோட்டை அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

வேலை செய்த வருடங்களுக்கு ஏதாவது அத்தாட்சி இருக்கிறதா என்று பாய்லர் அண்ணனிடம் கேட்டார். அண்ணன் சட்டைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். இரண்டாக மடித்த கவர். உள்ளே ஒரு தாள்தான் இருந்தது. பதினேழு வருடம் பாய்லர் பார்த்தவர், நம்பிக்கையானவர், வேறு இடத்தில் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று மேனேஜர் எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம். ஜித்ரா மில்லுக்குக் காட்ட வாங்கியது.

மேனேஜர் நல்லவரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. போகலாம் என்று சொன்னதும் அவர்தான், உத்தரவு வந்த தாளைக் கண்ணில் காட்டாமல் மறைத்ததும் அவர்தான். கறுக்காத பலகை நல்ல விலைக்குப் போனது என்று பிறகு கேள்விப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவர் வேதாகமம் வாசிக்கும்போது இப்போதும் அவர் விரல்களைப் பார்க்கிறேன், அது என்னிடம் ஒன்றும் சொல்வதில்லை. நாங்கள் வேலை செய்தால் கம்பெனி பிழைக்கும் என்பது முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது பிழைத்தால் யாருக்குப் பிழைக்கும் என்று அந்த மெருகு பூசும் பெண் ஒருத்திதான் கேட்டாள். அவளுக்கு நான் கோடு போட்டேன்.

அலுவலகத்துக்கு எதிரே ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் தேநீர் குடித்தோம்.

"ஜித்ரா வேல இப்ப இருக்குமா அண்ணே?"

"அந்த வாரமே வேற ஆள் போட்டுட்டாங்க."

"அண்ணே, அந்தக் கவருல காசு இருக்குன்னு நான்தான் சொன்னேன்."

"தெரியும்."

"நீங்க கேக்க வந்தப்பகூட, மேனேஜர்தான் ஒங்கள அனுப்பி வச்சிருக்காருன்னு நெனச்சேன்."

"அதுவும் தெரியும். நீங்க என் மொகத்த பாக்கவே இல்ல."

நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "தெரிஞ்சும் ஏண்ணே போகல? நான் சொன்ன அந்த மூணு நாள் கோட்டுக்கா பயந்தீங்க?"

அவர் கிளாஸை ஆட்டி அடியில் இருந்த சீனியைக் கலக்கினார். "கோட்டுக்கு எல்லாம் இல்ல கிராணியம்மா. பாக்கி போனா போவுதுன்னுதான் வீட்ல பேசி வச்சிருந்தோம். ஆனா அந்த நேரத்துல நான் போயிருந்தா, காசு வாங்கிக்கிட்டு ஓடிட்டான்னு சொல்லியிருப்பீங்க. நம்ம ஆளுங்க அத்தன பேரும் அதத்தான் நம்பியிருப்பாங்க. பதினேழு வருசம் ஒண்ணா நின்ன எடம். அதான் நின்னு காட்டலாம்னு நின்னேன்."

நான் மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். தேநீருக்கு அவரே காசு கொடுத்தார். காடியில் ஏறும்போது, நான் அந்த நோட்டை வாசலில் இருந்த குப்பைத்தொட்டியில் போடப் போனதைப் பார்த்துவிட்டு என் கையைத் தடுத்தார்.

"தூக்கிப் போட்டுறாதீங்க," என்றார். "நான் நின்னேன்னு அதுல மட்டுந்தான் இருக்கு."

நோட்டு இப்போது என் அலமாரியில் இருக்கிறது. அவர் பெயரில் ஒரு நாள்கூடக் காலியில்லை.